விக்கியை கிளவுடுக்கு மாற்றியபின் தமிழ் உடைந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சேலத்தில் சேகோ ஆலைகளுக்கும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கும் கணக்கு மென்பொருள் செய்து தரும் சின்னக் குழு எங்களுடையது. குச்சிக்கிழங்குக்கு பாயிண்ட் (மாவுச்சத்து அளவு) பார்த்து விலை போடுவது எப்படி, 90 கிலோ மூட்டைக் கணக்கில் ஈரம் கழிப்பது எப்படி, மழையில் மலைமேல் லைன் அறுந்தால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பல வருடப் பழக்கமெல்லாம் எங்கள் விக்கியில்தான், அதாவது குழுவில் எல்லோரும் எழுதித் திருத்தும் உள்வலைத்தளத்தில்தான் இருந்தது. அதில் பாதிக்குமேல் தமிழ். அது ஓடியது அலுவலகத்தின் பின்னறையில் இருந்த ஒரு சர்வரில். பெரும்பகுதி அட்லாசியன் நிறுவனத்தின் கன்ஃப்ளூயன்ஸ் என்ற விக்கி மென்பொருளில்; அதற்கு முன்பு எழுதியவை டோக்குவிக்கி என்ற இன்னொரு மென்பொருளில்.

கன்ஃப்ளூயன்ஸ் சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15-ஓடு முடிந்துவிட்டது. சொந்த சர்வரில் ஓட்டும் இன்னொரு பதிப்பான டேட்டா சென்டருக்கும் 2029 மார்ச் 28 என்று கடைசித் தேதி குறித்திருக்கிறார்கள். ஆகவே, அந்த நிறுவனமே இணையத்தில் நடத்தும் கிளவுடுக்கு விக்கியை மாற்றும் இந்த வேலை இன்னும் பலருக்கு வரப்போகிறது. வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை; ஆனால் எல்லாமே ஆங்கிலப் பக்கங்களை மனதில் வைத்து எழுதியவை. தமிழில் எழுதிய விக்கி மாறும்போது எது எப்படி உடைகிறது என்று நான் தேடிய நேரத்தில் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பகுதியை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

கீழே உள்ள எதைச் செய்வதற்கு முன்பும், தரவுத்தளத்துக்கு ஒரு டம்ப் (முழுத் தரவையும் கோப்பாக எடுப்பது), விக்கியின் ஹோம் ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து வேறொரு டிஸ்கில் வையுங்கள். பழைய சர்வரை அணைக்க வேண்டாம்.

அறிகுறி: தமிழ் எழுத்து தமிழாகத் தெரியவில்லை

"எழுத்து உடைஞ்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால் உடனே எதையும் திருத்தாதீர்கள். எப்படி உடைந்திருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். நான்கு விதமாக உடையும். நான்குக்கும் மருந்து வேறு.

முதல் விதம், வெற்றுக் கட்டங்கள். எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னச் சதுரம் வந்தால் தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அதே பக்கத்தை ஒரு செல்போனில் திறந்து பாருங்கள்; சரியாகத் தெரிந்தால் அந்தக் கணினிக்கு ஓர் எழுத்துரு போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

இரண்டாவது விதம், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, அதற்கடுத்து வட்டத்துக்குள் ஆர், அதற்கடுத்து ஏதோ ஒரு குறி. இதே மூன்று மூன்றாகப் பக்கம் முழுக்க வரும். இதற்குக் காரணம் தெரிந்தால் பயம் போய்விடும். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் (எழுத்தோ துணைக்குறியோ) 3 பைட் எடுக்கும். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டே வகை. அந்த 3 பைட்டையும் தனித்தனி மேற்கத்திய எழுத்துகள் என்று எண்ணி யாரோ படித்துவிட்டால், முதல் பைட் சாய்கோடு போட்ட ஏ ஆகிறது. இரண்டாவது, வட்டத்துக்குள் இருக்கும் ஆர் ஆகவோ மேலே மிதக்கும் சின்னப் படுக்கைக் கோடாகவோ ஆகிறது. தமிழ் அழியவில்லை, தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. மீட்டுவிடலாம்.

எங்கே தவறாகப் படித்தது என்று தேட வேண்டும். பெரும்பாலும் பழைய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கும். நிறுவிய காலத்தில் டேபிள்களின் எழுத்துமுறை லேட்டின்1 (மேற்கத்திய மொழிகளுக்கானது) என்று இருந்திருக்கும். இணைப்பும் லேட்டின்1 என்றே பேசியிருக்கும். உள்ளே போனபோது தவறு, வெளியே வந்தபோது அதே தவறு. இரண்டும் சேர்ந்து திரையில் சரியாகவே தெரிந்திருக்கும். இத்தனை வருடம் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. மாற்றும் நேரத்தில் ஒருபக்கம் மட்டும் யூடிஎஃப்-8 ஆனதும் குட்டு வெளிப்படுகிறது. கன்ஃப்ளூயன்ஸ் சர்வரின் நிர்வாகப் பகுதியில் என்கோடிங் டெஸ்ட் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் "சேர்வராயன் மலை" என்று அடித்துப் பாருங்கள். திரும்பி வரும் வரிகளில் எது உடைகிறதோ அங்கே பிழை.

சரிசெய்ய: டம்ப் எடுக்கும்போது எழுத்துமுறை லேட்டின்1 என்று சொல்லியே எடுங்கள். அப்போது பைட்டுகள் மாறாமல் அப்படியே வெளியே வரும். அந்த டம்ப் கோப்புக்குள் லேட்டின்1 என்று இருக்கும் இடங்களை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, புதுத் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றுங்கள். நகலில் மட்டும் செய்யுங்கள். இடையில் எப்போதாவது யாராவது அமைப்பை மாற்றியிருந்தால், பாதிப் பக்கங்கள் தவறாகவும் பாதிப் பக்கங்கள் சரியாகவும் கலந்திருக்கும். மொத்தமாக மாற்றினால் சரியாக இருந்தவை கெட்டுப்போகும். பழைய வருடத்துப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, போன வாரம் எழுதியது ஒன்று என மூன்றையாவது திறந்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

யூடிஎஃப்8 என்பதற்கும் யூடிஎஃப்8எம்பி4 என்பதற்கும் வித்தியாசம் உண்டு. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 அதிகபட்சம் 3 பைட்தான் வைத்துக்கொள்ளும். தமிழுக்கு அது போதும், அதனால் சோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். ஒருவர் குறிப்பின் நடுவில் ஒரு ஸ்மைலி போட்டிருந்தால் அதற்கு 4 பைட் வேண்டும். அந்த இடத்தில் பிழை வரும். அல்லது, தரவுத்தளத்தின் கண்டிப்பு முறை அணைந்திருந்தால், ஸ்மைலிக்குப் பின்னால் எழுதியது அத்தனையும் சத்தமில்லாமல் வெட்டுப்படும்.

மூன்றாவது விதம், கேள்விக்குறிகள். பக்கம் முழுக்கக் கேள்விக்குறியாக இருந்தால் அங்கே தமிழ் இல்லை. தமிழ் எழுத்தை வைக்க இடமில்லாத எழுத்துமுறைக்கு மாற்றியபோது ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டது. எந்தக் கருவியாலும் அதைத் திருப்ப முடியாது. பழைய சர்வரில் அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் இடையில் செய்த மாற்றத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு டம்ப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய சர்வரை அணைக்காதீர்கள் என்று மேலே எழுதியது முக்கியமாக இதற்காகத்தான்.

நான்காவது விதம் நம் ஊருக்கே உரியது. ஆங்கில எழுத்துகள் நன்றாகத் தெரியும், ஆனால் சொல்லாக அமையாது. "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நின்றால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு முன்பு டிடிபி சென்டரில் அடித்து வாங்கிய குறிப்புகள் இப்படித்தான் இருக்கும். உண்மையில் அது ஆங்கில எழுத்துகளின் வரிசை; பாமினி எழுத்துரு போட்டுப் பார்த்தால் தமிழாகத் தெரியும். பழைய சர்வரில் யாரோ ஸ்டைல்ஷீட்டில் அந்த எழுத்துருவைச் சேர்த்திருப்பார்கள். கிளவுடில் அப்படி சொந்த ஸ்டைல்ஷீட் போட வழியில்லை. ஆகவே எழுத்துருவைத் தேடி அலைய வேண்டாம், உரையை மாற்றுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றலாம். பக்கத்தில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழாகிக் குழம்பும் என்பதால் பத்தி பத்தியாகத்தான் செய்ய வேண்டும். எங்களிடம் இப்படி இருந்தது பழைய இயந்திரப் பராமரிப்புக் குறிப்புகள். இரண்டு பேர் மூன்று மதியம் உட்கார்ந்து முடித்தார்கள். அந்த உழைப்பு வீண் போகவில்லை. தேடலில் ஒருநாளும் அகப்படாத பக்கங்கள் முதல்முறையாகத் தேடினால் கிடைக்கின்றன.

அறிகுறி: பக்கம் வருகிறது, படமோ கோப்போ மட்டும் வரவில்லை

ஏற்காட்டுத் தோட்ட அலுவலகத்திலிருந்து கணக்குப் பார்க்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, காப்பிக்கொட்டை இருப்புப் பக்கத்துல ஷீட்டு தொறக்கவே மாட்டேங்குது. மழை அளவு ஷீட்டு தொறக்குது. ரெண்டும் ஒரே நாள்ல ஏத்துனதுதான்."

இரண்டு கோப்புக்கும் பெயரில்தான் வித்தியாசம். ஒன்றில் "கொ" இருக்கிறது.

யூனிகோடில் கொ, கோ, கௌ இவற்றின் துணைக்குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக வைக்கலாம். அல்லது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு துண்டாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரை இரண்டு துண்டாக உடைத்தே சேமித்தன. விண்டோஸில் அடித்தால் பெரும்பாலும் ஒரே குறியாக வரும். மேக்கிலிருந்து ஏற்றிய கோப்பு, விண்டோஸில் அடித்த இணைப்பு என்று இருந்தால் பக்கம் அந்தக் கோப்பைத் தேடும், கிடைக்காது.

உறுதிசெய்ய எளிய வழி: பெயரில் கொ, கோ, கௌ வகை எழுத்தோ ஔ என்ற எழுத்தோ இல்லாத கோப்பெல்லாம் திறந்து, இருப்பவை மட்டும் அடம்பிடித்தால் இதுதான் நோய். லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே குறி வடிவத்துக்கு மாற்றிவிடும். முதலில் சோதனை ஓட்டமாகக் காட்டும், நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். டோக்குவிக்கி கோப்புப் பெயரை யூடிஎஃப்-8 ஆகவே எழுதும்படி அமைத்திருந்தால் அதற்கு இது போதும். கன்ஃப்ளூயன்ஸ் கோப்புகளை டிஸ்கில் எண்ணாகத்தான் வைக்கிறது, பெயர் தரவுத்தளத்தில் இருக்கிறது. அதனால் அங்கே விக்கிக்குள்ளேயே பெயரை மாற்ற வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் கையால் மாற்றுவதே நல்லது.

அறிகுறி: பெயர் நீளம் என்று சொல்லி ஜிப் விரிய மறுக்கிறது

லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட். 3 பைட் வீதம் தமிழுக்கு 85 குறிகள். மெய், துணைக்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். டோக்குவிக்கி இயல்பாகவே பெயரைச் சதவீதக் குறிபோட்டு எழுதுகிறது. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு 9 எழுத்து. அப்படியானால் அதிகபட்சம் 28 குறிகள்தான். "குச்சிக்கிழங்கு" என்ற ஒரே சொல்லுக்கு 15 குறிகள் போய்விடும். தலைப்பைச் சுருக்கிவிட்டு, முழுத் தலைப்பைப் பக்கத்தின் முதல் வரியில் வையுங்கள். வேறு வழி தேடி நேரம் போக்க வேண்டாம்.

அறிகுறி: மாற்றும் வேலை நடுவில் நின்றுவிடுகிறது

முதலில் கணக்குப் போடுங்கள். இணைப்புக் கோப்புகள் மொத்தம் 60 ஜிபி, உங்கள் லைனின் அப்லோட் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், தடையில்லாமல் ஓடினால் 6 மணி 40 நிமிடம். அதுவே 4 மெகாபிட் என்றால் 33 மணி 20 நிமிடம். டவுன்லோட் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்; பல இணைப்புகளில் அப்லோட் அதில் ஒரு பங்குதான். மலைமேல் உள்ள அலுவலகத்தில் சர்வர் இருந்தால் அங்கிருந்தே ஏற்ற முயலாதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு மரம் சாய்ந்தால் மின்சாரமும் கேபிளும் சேர்ந்தே போகும். டிஸ்கை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வந்து ஏற்றுவதே வேகம். நாங்கள் தோட்ட அலுவலகத்தின் நகலை அப்படித்தான் கொண்டுவந்தோம்.

கிளவுடுக்கு மாற்றித் தரும் கருவியான கன்ஃப்ளூயன்ஸின் மைக்ரேஷன் அசிஸ்டன்ட்டில் இணைப்புக் கோப்புகளை மட்டும் முன்கூட்டியே அனுப்ப முடியும். ஒருமுறை போனது மறுமுறை போகாது. வெள்ளி இரவு கோப்புகளை விட்டுவிட்டு, அடுத்த வாரம் பக்கங்களை மாற்றினால் கடைசி நாள் வேலை சில மணி நேரத்தில் முடியும்.

நேரக் கணக்கு சரியாக இருந்தும் நின்றால், சர்வரின் லாக்கை (நடந்ததைப் பதியும் கோப்பு) திறந்து கடைசியில் வந்த பிழையைப் பாருங்கள். பிகேஐஎக்ஸ் என்று தொடங்கினால் சான்றிதழ்ச் சிக்கல்: அலுவலக ஃபயர்வால் இடையில் தன் சான்றிதழைப் போடுகிறது, கன்ஃப்ளூயன்ஸ் ஓடும் ஜாவாவுக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. அந்தச் சான்றிதழை ஜாவாவின் டிரஸ்ட்ஸ்டோரில் (நம்பும் சான்றிதழ்களின் தொகுப்பு) கீடூல் என்ற கருவி வைத்து ஏற்றி, சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். அவுட் ஆஃப் மெமரி என்றிருந்தால் ஜாவாவின் ஹீப் அளவை (அதற்கு ஒதுக்கிய நினைவகம்) கூட்டுங்கள். 429 என்று வந்தால் நீங்கள் அதிக வேகமாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் சொந்த ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது வரும். பதிலோடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் சொல்லும் நொடிவரை காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும்.

ஸ்பேஸ் கீ (ஸ்பேஸ் எனப்படும் பக்கத் தொகுப்பின் அடையாளச் சொல்) ஏற்கெனவே உள்ளது என்று பிழை வந்தால், போன முறை பாதியில் நின்ற நகலே கிளவுடில் கிடக்கிறது. அதை நீக்குங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். ஆனால் அது உண்மையிலேயே பாதி நகல்தானா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான்.

அறிகுறி: பயனர் பட்டியல் ஏற மறுக்கிறது, அல்லது உள்ளே நுழைய முடியவில்லை

சர்வரில் பல கணக்குக்கு ஒரே மின்னஞ்சல் இருக்கலாம். கிளவுடில் மின்னஞ்சல்தான் ஆளின் அடையாளம். ஒன்றுக்கு ஒரு கணக்கு. தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர்கள் நான்கு பேருக்கும் அலுவலக மெயிலையே போட்டு வைத்திருந்தோம். நான்கு பேருக்கும் தனி மெயில் உண்டாக்கினோம். நான்கையும் ஒன்றாக்கியிருந்தால் செலவு மிச்சம்தான், ஏனென்றால் கட்டணம் ஆள்கணக்கில். ஆனால் எந்தப் பிரிவின் மழை அளவை யார் எழுதினார்கள் என்பது அழிந்துபோகும். அந்தப் பெயர்கள் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

பழைய கடவுச்சொல் கூடவே வராது. அழைப்பு மெயிலும் தானாகப் போகாது, நீங்கள்தான் அனுப்ப வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களைச் சர்வரில் அடியோடு அழிக்காதீர்கள், முடக்கி மட்டும் வையுங்கள். அழித்தால் அவர்கள் எழுதிய பக்கமெல்லாம் பெயரில்லாத முன்னாள் பயனர் பெயரில் நிற்கும்.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிகிறது

இதுதான் என்னைத் தூங்கவிடாதது. பிழைச் செய்தி வராது, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

மாற்றுவதற்கு முன் சோதனைக்காகக் கிளவுடில் "கணக்கு" என்று ஒரு குழு உண்டாக்கி, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் உள்பட எல்லோரையும் சேர்த்திருந்தேன். பழைய சர்வரிலும் "கணக்கு" என்று ஒரு குழு இருந்தது. அதில் மூன்றே பேர், சம்பளப் பக்கம் பார்க்கும் உரிமையோடு. ஒரே பெயரில் குழு இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகிவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு நானே தற்செயலாகப் பார்த்து மூடினேன். அன்று சாயங்காலமே எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. பழைய சர்வரில் "உள்நுழையாமலே பார்க்கலாம்" என்று ஒரு ஸ்பேஸுக்கு அனுமதி கொடுத்திருந்தால், அதன் பொருள் அலுவலக லேனில் (உள் வலையமைப்பில்) இருப்பவர்கள் பார்க்கலாம் என்பது. கிளவுடில் அதே அனுமதியின் பொருள் உலகமே பார்க்கலாம் என்பது. மைக்ரேஷன் அசிஸ்டன்ட் முன்சோதனையில் இதை எச்சரிக்கும். பச்சை நிறத்துக்கு நடுவில் ஒரு மஞ்சள் வரியாக வருவதைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள்.

சோதிக்க: உரிமை குறைந்த ஒருவருடைய கணக்கில் உட்கார்ந்து, பார்க்கக்கூடாத பத்துப் பக்கங்களை நேரே முகவரி அடித்துத் திறந்து பாருங்கள். பிறகு பிரவுசரின் தனி விண்டோவில், உள்நுழையாமல், மறுபடி அதே பத்து.

அறிகுறி: பக்கத்தின் நடுவில் வெறும் பெட்டி

காரணம் மேக்ரோ, அதாவது பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரல். சர்வரில் நாமே எழுதிய யூசர் மேக்ரோவும் எச்டிஎம்எல் மேக்ரோவும் கிளவுடில் ஓடாது. ஆப்கள் ஒவ்வொன்றுக்கும் கிளவுட் பதிப்பு உண்டா, பழைய தரவை அது கொண்டுபோகுமா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எங்கள் பாயிண்ட் விலைக் கணக்குப் பெட்டி இப்படி வெறுமையாக நின்றது. அதைச் சாதாரண அட்டவணையாக மாற்றி எழுதிவிட்டோம்.

அறிகுறி: நேற்று எழுதியது காணவில்லை

மாற்றம் தொடங்கியபின் யாரோ பழைய சர்வரில் எழுதியிருக்கிறார்கள். டேட்டா சென்டரில் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்ற வசதி உண்டு. சர்வர் பதிப்பில் இல்லை; ஸ்பேஸ் ஸ்பேஸாக எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, மேலே ஒரு பேனரும் போட வேண்டும். காணாமல் போனதை மீட்க, மாற்றம் தொடங்கிய நேரத்துக்குப் பிறகு திருத்திய பக்கங்களைத் தேடி எடுத்துக் கையால் ஒட்டுங்கள்.

அறிகுறி: லிங்க்கை அழுத்தினால் சுழன்றுகொண்டே இருக்கிறது, அல்லது பக்கம் இல்லை என்கிறது

சுழன்றுகொண்டே இருந்தால் அந்த லிங்க் 192.168 என்று தொடங்கும் லேன் முகவரி, கடைசியில் 8090 போர்ட். வீட்டிலிருந்து அழுத்துபவருக்கு அது எங்கேயும் போகாது. பக்கம் இல்லை என்றால் பழைய பக்க எண்ணை வைத்து ஒட்டிய லிங்க். கிளவுடில் அந்த எண் மாறிவிடும். எழுதும்போதே விக்கியின் லிங்க் பொத்தானை அழுத்திப் போட்டவை பிழைத்துக்கொள்ளும், முகவரியை நகலெடுத்து ஒட்டியவை பெரும்பாலும் பிழைக்காது. மாற்றுவதற்கு முன்பே, தரவுத்தளத்தில் பக்கங்களின் உரை இருக்கும் பாடிகன்டென்ட் டேபிளில் பழைய முகவரியைத் தேடினால் எந்தெந்தப் பக்கம் என்று பட்டியல் வந்துவிடும்.

விக்கிக்கு வெளியே இருக்கும் லிங்குகள்தான் கடினம்: மெயில்கள், வாட்ஸ்அப் குழு, சேகோ ஆலைச் சுவரில் ஒட்டிய கியூஆர் தாள். அதற்காகப் பழைய முகவரியில் ஒரு சின்னப் பக்கம் வைத்திருக்கிறோம். பழைய எண்ணுக்கு எதிரே புது முகவரி எழுதிய அட்டவணை, அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பும். அந்தச் சர்வரின் லாக்கை வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறேன். தொடர்ந்து நான்கு வெள்ளி யாரும் வராமல் இருந்தால் அணைப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். போன வெள்ளியும் மலைமேலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள்.